சுழலாத சலவை இயந்திரம்: மோட்டாரைக் குறை சொல்லும் முன்

ஐப்பசி மாதத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. காலையில் வானம் தெளிவாக இருந்தாலும் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கத்திலிருந்து கருமேகம் இறங்கிவிடும். தீபாவளிக்கு முன் திரைச்சீலை, மெத்தை விரிப்பு, போர்வை என்று வீட்டிலுள்ள கனத்த துணிகளையெல்லாம் துவைத்து முடிக்க வேண்டிய காலமும் அதுவாகவே அமைகிறது. அந்த நேரத்தில் சலவை இயந்திரம் துவைத்து, அலசி, பிழிவதற்கு மட்டும் சுழலாமல் நின்றுவிட்டால், நீர் சொட்டச் சொட்டத் துணியைக் கூரையடிக் கொடியில் தொங்கவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மறுநாளும் அது காயாது. பூஞ்சை வாடைதான் மிஞ்சும்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், சுற்று வட்டாரத்தில் இயந்திரம் நின்றால் என்னை அழைப்பவர்கள் உண்டு. போனதுமே காதில் விழுவது, “அண்ணே, மோட்டார் போயிருச்சுன்னு சொல்றாங்க, புதுசே வாங்கிடலாமா?” என்ற கேள்விதான். நான் பார்த்த அளவில், சுழலாத இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் மோட்டாருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. தொட்டிக்குள் தண்ணீர் நிற்கிறது, மூடி சரியாக மூடவில்லை, துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறது என்ற மூன்றில் ஒன்றை உணர்ந்து, சுழலக் கூடாது என்று இயந்திரம் தானாகவே நின்றிருக்கும். இந்த மூன்றையும் பார்த்து முடிக்காமல் மோட்டாரையோ மின்னணுப் பலகையையோ மாற்றச் சம்மதிப்பது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து.

இயந்திரம் காட்டும் பிழைக் குறியீடுகளும் இதையே சொல்கின்றன. பானாசோனிக் இயந்திரங்களில் யு11 என்றால் தண்ணீர் வடியவில்லை, யு12 என்றால் மூடி திறந்திருக்கிறது, யு13 என்றால் சமநிலை இல்லை. தோஷிபாவின் மேல்மூடி இயந்திரங்களில் ஈ1, ஈ2, ஈ3 ஆகியவை அதே வரிசையில் அதே மூன்றையும் குறிக்கின்றன. எல்ஜி இயந்திரத்தில் அவற்றுக்கு ஓ.ஈ., டி.ஈ., யு.ஈ. என்று எழுத்துகள் தோன்றும். ஆகவே பீப் ஒலி கேட்டதும் அவசரமாக மின்சாரத்தை அணைத்து மீண்டும் போடாமல், திரையில் தோன்றும் எழுத்தை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அணைத்துவிட்டால் அந்தக் குறிப்பு மறைந்துவிடும்.

பின்புறத்தையோ அடிப்பகுதியையோ தொடுவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட் மின்சாரம், இயந்திரம் நிற்பதோ பெரும்பாலும் குளியலறைக்கு அருகிலுள்ள ஈரத் தரையில். இதில் தளர்வே கூடாது.

இப்போது மூடியைத் திறந்து தொட்டிக்குள் பார்க்க வேண்டும். தண்ணீர் நின்றால் தேட வேண்டிய திசை தெளிவாகிவிடுகிறது. தொட்டியின் அடிப்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக் குழாய் மேலே ஏறி, நீர்மட்டத்தை அறியும் உணரியில் முடிகிறது. தண்ணீரின் எடை அந்தக் குழாயிலுள்ள காற்றை அழுத்துவதை வைத்தே இயந்திரம் நீர்மட்டத்தை அறிகிறது. அழுத்தம் இறங்காதவரை அது பிழியத் தொடங்காது. தொட்டி காலியாக இருந்தும் வடியவில்லை என்றே இயந்திரம் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் காற்றுக் குழாயின் வாயைச் சோப்புக் கசடும் நூல்தூசியும் அடைத்திருக்கக்கூடும். இப்படி ஒரு குழாய் இருப்பதே பலருக்குத் தெரியாததால், இது எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது.

உண்மையாகவே தண்ணீர் நின்றால் முதலில் வெளிக்குழாயைப் பார்க்க வேண்டும். எல்பில், டோவன்பி போன்ற தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வந்து குடியேறியவர்களின் வீடுகளில், இயந்திரம் பின்கட்டில் நிற்க, வடிகுழாய் கதவுப்படியைத் தாண்டி வெளியே லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விழும்படி விடப்பட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். மேல்மூடி இயந்திரங்கள் பலவற்றில் தண்ணீரை வெளியேற்றப் பம்பு கிடையாது. தண்ணீர் தன் எடையால்தான் இறங்க வேண்டும். குழாய் படியின் மேல் ஏறி இறங்கினால், அந்த உயரத்துக்குக் கீழுள்ள தண்ணீர் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும். குழாய் எட்டவில்லை என்று அதைவிடச் சிறிய வாயுள்ள தோட்டக் குழாயைச் செருகி நீட்டுவதும், பெருமழையில் நிரம்பிய லோங்காங்கில் குழாயின் முனை மூழ்கிக் கிடப்பதும் இதே விளைவைத் தரும். குழாயைக் கழற்றித் தரையோடு தாழ வைத்து, ஒரு வாளியில் விட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். வேகமாகத் தண்ணீர் வந்தால் இயந்திரத்தில் குறையில்லை. குழாயைக் கொண்டுபோன வழியில்தான் குறை.

குழாயைத் தாழ்த்தியும் தண்ணீர் வராவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது தண்ணீரை வெளியே விடும் வடிவால்வும் அதை இழுக்கும் சிறு மோட்டாரும் ஆகும். இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மேல்மூடி இயந்திரத்தின் சூட்சுமமே இங்குதான் இருக்கிறது. துவைக்கும்போது அடியிலுள்ள விசிறித் தட்டு மட்டும் இடமும் வலமுமாகத் திரும்புகிறது. தொட்டி பிரேக்கால் பிடிக்கப்பட்டு அசையாமல் நிற்கிறது. பிழியும்போது தட்டும் தொட்டியும் ஒன்றாகச் சுழல வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது பெரிய மோட்டார் அன்று. கையளவுள்ள அந்த இழுவை மோட்டார் ஒரு கம்பியை மெதுவாக இழுக்கிறது. அந்த ஓர் இழுப்பிலேயே வடிவால்வு திறக்கிறது, பிரேக் விடுபடுகிறது, தொட்டியைத் தண்டோடு இணைக்கும் கிளட்ச் பற்றிக்கொள்கிறது. ஆகையால் இழுவை மோட்டார் பழுதானால் தண்ணீரும் வடியாது, தொட்டியும் சுழலாது. ஆனால் துவைப்பது மட்டும் வழக்கம்போல நடக்கும். துவைக்கிறது, வடியவில்லை, பிழியவில்லை என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் அந்தச் சிறு மோட்டாரின்மேல்தான் விழும். வடியும் கட்டம் தொடங்கும்போது காதை அருகில் வைத்தால், நலமான இயந்திரத்தில் சில நொடிகள் மெல்லிய இழுப்பொலி கேட்கும். ஒலியே இல்லாவிட்டால் இழுவை மோட்டாரோ அதற்கு வரும் கம்பியோ பழுது. ஒலி கேட்டும் தண்ணீர் நின்றால் வால்வின் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது.

அப்படிச் சிக்குபவை பெரும்பாலும் நம் ஊர் வேலையின் அடையாளங்கள்தாம். செம்பனைக் குலை வெட்டுபவரின் காற்சட்டைப் பையில் முள்ளும் நாரும் தங்கியிருக்கும். பால்மரம் வெட்டுபவரின் சட்டையில் உறைந்த ரப்பர் பால் இழைகளாக ஒட்டியிருக்கும். செம்மண் எல்லாருடைய உடையிலும் உண்டு. இவற்றோடு பத்துக் காசும் கொண்டை ஊசியும் சேர்ந்துகொண்டால் வால்வு முழுதாகத் திறக்காது, முழுதாக மூடவும் மூடாது. வேலை உடைகளை இயந்திரத்தில் போடும் முன் வெளிக்குழாயடியில் உதறி, பைகளை உள்புறம் வெளியாகத் திருப்பி, ஒருமுறை அலசிவிட வேண்டும் என்று நான் எல்லா வீடுகளிலும் சொல்லி வருகிறேன். முன்கதவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அடியிலுள்ள பம்பு வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். திறக்கும்போது தேங்கிய தண்ணீர் கொட்டும் என்பதால் தட்டும் பழந்துணியும் வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் முற்றிலும் வடிந்தும் சுழலவில்லை என்றால் அடுத்தது மூடி. மூடிக்கு அடியில் ஒரு சுவிட்சோ, காந்தத்தால் இயங்கும் உணரியோ இருக்கும். மூடியின் கீல் தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தாலோ, மூடியில் பதித்த காந்தம் விழுந்துவிட்டாலோ, மூடிய பின்பும் திறந்திருப்பதாகவே இயந்திரம் கருதும். மூடியை விரலால் சற்று அழுத்தியதும் சுழலத் தொடங்கினால் குறை இங்குதான். புதிய சுவிட்ச் விலை குறைந்த பொருள், மாற்றுவதும் எளிது.

எனினும் ஒரு வீட்டில் நான் கண்டது இன்றும் மனத்தை உறுத்துகிறது. பழுது பார்க்க வந்த ஒருவர், சுவிட்சை மாற்றாமல் அதன் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டுப் போயிருந்தார். இயந்திரம் நன்றாகச் சுழன்றது, மூடியைத் திறந்தாலும் சுழன்றது. “நல்லாத்தான் ஓடுதுப்பா, வேகமா செஞ்சு குடுத்துட்டாரு,” என்று அந்த வீட்டுப் பாட்டி மகிழ்ச்சியோடு சொன்னார்; அவருடைய பேரக்குழந்தை பக்கத்தில் ஒரு நாற்காலியின்மேல் ஏறி நின்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 700 முறை சுழலும் தொட்டிக்குள் கைவிட்டால், துணி கையைச் சுற்றிக்கொண்டு இழுக்கும். விரல் அன்று, தோளே முறியும். அந்தக் கம்பிகளைப் பிரித்துப் புதுச் சுவிட்ச் பொருத்திய பிறகே நான் அங்கிருந்து கிளம்பினேன். அவசரத்துக்கு ஒருநாள் மட்டும் என்று யாரேனும் இந்தக் குறுக்குவழியைச் சொன்னாலும், எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது சமநிலை. ஒற்றைப் போர்வையோ கால்மிதியோ மட்டும் உள்ளே இருந்தால் அது ஈரத்தோடு ஒரு பக்கம் குவிந்து தொட்டியைச் சாய்த்துவிடும். இயந்திரம் தொடங்கி, ஆடி, நின்று, மறுபடி தண்ணீர் எடுத்துத் துணியைக் கலைத்துப் பார்த்து, அப்போதும் முடியாவிட்டால் கைவிட்டுவிடும். துணியைப் பிரித்துச் சுற்றிலும் பரப்பி, கூடவே இரண்டு துண்டுகளைப் போட்டால் சரியாகிவிடும். எப்போதும் ஆடுகிறது என்றால் தரையைப் பார்க்க வேண்டும். பின்கட்டின் சிமெண்டுத் தரை, தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வாகவே பூசப்பட்டிருக்கும். நான்கு கால்களும் தரையில் அழுந்தும்படி திருகிச் சரிசெய்யாமல், அட்டையை மடித்துச் செருகினால் அது சில நாளில் நனைந்து நசுங்கிவிடும். தரையும் சமம், துணியும் சமம், ஆனாலும் தொட்டி பக்கச்சுவரில் இடிக்கிறது என்றால், தொட்டியைத் தாங்கும் நான்கு தொங்குகம்பிகளில் ஒன்று தளர்ந்திருக்கலாம். காலித் தொட்டியைக் கையால் அழுத்தி விட்டுப் பார்த்தால், நல்ல நிலையிலுள்ளது ஒரே எழும்பலில் அடங்கிவிடும். தேய்ந்தது குதித்துக்கொண்டே இருக்கும். மழைச்சட்டை, பிளாஸ்டிக் விரிப்பு போன்ற நீர் புகாத எதையும் பிழியப் போடவே கூடாது. அவை தண்ணீரைப் பையாகப் பிடித்து வைத்திருந்து, முழு வேகத்தில் திடீரென்று விடும்போது இயந்திரமே கவிழக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இயந்திரம் பிழியும் கட்டத்துக்கு வந்ததா என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். குழாயில் நீரழுத்தம் குறைந்த நாள்களில், அலசுவதற்கான தண்ணீர் நிரம்பக் காத்துக்கொண்டே அது நின்றிருக்கும். அதைச் சுழலாத பழுது என்று எண்ணி ஆளை அழைத்தவர்கள் உண்டு.

மூன்றும் சரியாக இருந்து இயந்திரம் இன்னும் சுழலவில்லை என்றால் அப்போதுதான் உள்ளே தேட வேண்டும். அங்கே கண்ணைவிடக் காதுதான் உதவும். மோட்டார் முனகுகிறது ஆனால் திரும்பவில்லை என்றால் மின்தேக்கி வலுவிழந்திருக்கலாம். கடையில் கெப்பாசிட்டர் என்று கேட்டால் தருவார்கள். பழையதன்மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணும் வோல்ட் எண்ணும் அப்படியே இருக்க வேண்டும், கிட்டத்தட்ட என்பது இதில் செல்லாது. பிளக்கை உருவிய பின்பும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால், பயிற்சி இல்லாதவர்கள் இதைத் தொடாமல் மின்பணியாளரிடம் விட்டுவிடுவதே முறை. மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, தொட்டி மட்டும் அசையவில்லை, ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. பெல்ட்டும் இறுக்கமாக இருந்தால் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும்.

எந்த ஒலியும் இல்லையென்றால் அடிப்பகுதியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். நம் பக்கத்தில் எலி ஒரு பெரும் காரணம். செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்கு மரப்பெட்டிக் கூடுகள் வைத்து வளர்ப்பதை அனைவரும் அறிவோம். தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் அதே எலி இயந்திரத்துக்கு அடியில் புகுந்து கம்பியைக் கடிக்கிறது. வாங்கும்போது கூடவே வரும் அடித்தட்டைத் தேவையற்றது என்று எறிந்துவிடுகிறார்கள். அது எலி புகாமல் தடுக்கத்தான். பல்லி நுழைந்து மின்னணுப் பலகையில் கருகிக் கிடந்ததையும், இடி விழுந்த மாலைக்குப் பிறகு பலகை முழுதும் செயலிழந்ததையும் பார்த்திருக்கிறேன். இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கை உருவிவிடுவது ஒன்றே இதற்குக் காப்பு.

வயதானவர்கள் இன்றும் விரும்பி வைத்திருக்கும் இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் வேலை இன்னும் எளிது. பிழியும் தொட்டிக்குத் தனி மோட்டாரும் தனி நேரக்குமிழும் உண்டு. அதன் மூடியைத் திறந்ததும் ஒரு கம்பி தளர்ந்து பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அந்தக் கம்பி நாளடைவில் நீண்டுவிட்டால், மூடிய பின்பும் பிரேக் விடாது. மோட்டார் திணறி முனகும். கம்பியை ஒரு துளை தள்ளி மாட்டினாலே பெரும்பாலும் போதும். துணியின்மேல் வைக்க வேண்டிய துளைத்தட்டை வைக்காமல் விட்டால், சிறு துணி மேலெழும்பி, சுழலும் தொட்டிக்கும் அதன் வெளித்தொட்டிக்கும் இடையில் விழுந்து, அச்சைச் சுற்றிக்கொண்டு தொட்டியை நிறுத்திவிடும். காலுறை காணாமல் போயிருந்தால் அங்கே தேடலாம்.

முன்கதவு இயந்திரங்களில் எனக்குப் பெரும் தொல்லையாகத் தெரிவது அளவுக்கு மீறிய சோப்புத்தூள். நுரை பெருகினால் அது தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையில் நிறைந்து சுழற்சியைத் தடுக்கும். இயந்திரமும் நுரை அடங்கும்வரை காத்திருக்கும். சோப்பில்லாமல் ஒருமுறை அலசவிட்டால் சரியாகும். குறைந்த நுரைக்கென்று விற்கும் சோப்பைப் பாதி அளவு போட்டாலே நம் துணிக்குப் போதுமானது.

சுழல்கிறது, ஆனால் துணி சொதசொதவென்றே வெளியே வருகிறது என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த குறைதான். தொட்டியின் ஆரம் 25 சென்டிமீட்டர் என்றும் வேகம் நிமிடத்துக்கு 700 சுற்று என்றும் கொண்டால், துணியிலுள்ள நீரின்மேல் அதன் எடையைப்போல் 130 மடங்குக்கு மேற்பட்ட விசை செயல்படுகிறது. வேகம் பாதியானால் விசை பாதியாகக் குறைவதில்லை, நான்கில் ஒன்றாகிவிடுகிறது. தோட்டத்து ரப்பர் பாலில் சுமார் 30 விழுக்காடாக இருக்கும் ரப்பரை 60 விழுக்காடாகச் செறிவாக்கும் ஆலைச் சுழலிகளில் வேகத்தை அவ்வளவு கண்டிப்பாகக் காப்பதும் இந்தக் கணக்கினால்தான். ஆகவே பார்வைக்கு நன்றாகச் சுழல்வதாகத் தோன்றும் தொட்டியும், பெல்ட் சற்று வழுக்கினாலே துணியைப் பிழியத் தவறிவிடும்.

தொட்டியைக் கையால் சுற்றும்போது கரகரவென்று அரைக்கும் ஒலி வந்தால், அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற இயந்திரத்தை முழுதும் பிரிக்க வேண்டும். கூலியே பெருந்தொகை ஆகிவிடும். பத்து ஆண்டு உழைத்த இயந்திரத்தில் பேரிங்கும் மின்னணுப் பலகையும் ஒருசேரக் கெட்டிருந்தால், புதிதாக வாங்குங்கள் என்றே நான் சொல்கிறேன். புதியது முன்கதவு வகையாக இருந்தால், தொட்டி ஆடாமலிருக்க ஆலையிலேயே பின்புறம் முடுக்கி அனுப்பிய போல்ட்டுகளை, கொண்டுவந்து இறக்குபவர் கிளம்பும் முன் அவர் கையாலேயே கழற்ற வைக்க வேண்டும். அவற்றோடு முதல் பிழிதலைத் தொடங்கினால் இயந்திரம் தரையில் துள்ளி நகர்ந்து, தொட்டியைத் தாங்கும் பாகங்களைத் தானே உடைத்துக்கொள்ளும்.